சும்மா நிற்கும்போது ஏன் இந்தச் சத்தம்?

சிவப்பு விளக்கில் ஒரு பழைய புரோட்டோன் சாகா வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். ஆனாலும் இஞ்சின் அடங்கவில்லை. யாரோ உள்ளே உட்கார்ந்து மிதித்துக்கொண்டே இருப்பதுபோல் 'ஊம்ம்ம்' என்று இழுக்கிறது. இன்னொரு வண்டி வேறு மாதிரி. ஏறும், இறங்கும், செத்துப்போகும்போல் உதறும், திடீரென்று மறுபடி உயிர் வந்து ஏறும். பக்கத்து காரில் இருப்பவர் கண்ணாடியை இறக்கி நம்மைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு பத்தி எழுதலாம்.

பழைய கார் வைத்திருக்கும் நேயர்கள் என்னிடம் பாட்டுக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். நான் படித்தது ஊடகத்துறை. பட்டறை படிப்பு இல்லை. ஆனால் சத்தத்தைக் கேட்டுப் பிழைப்பவன். பழைய கார்க்காரர்களோடு பல ஞாயிற்றுக்கிழமைகளை பானெட்டைத் திறந்து வைத்துக் கழித்தவன். அந்தத் தகுதியில் இந்த வாரம் ஐட்லிங் பற்றிப் பேசுவோம்.

1985 ஜூலை 9ஆம் தேதி அறிமுகமான நம் முதல் தேசிய கார் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்ட வண்டி அது. 1.3 மாடலில் 1,298 சிசி இஞ்சின், மேலே ஒரு கார்புரேட்டர். கணினி கிடையாது, சென்சார் கிடையாது. அதனால்தான் இன்றும் நம் கையால் பார்க்க முடிகிறது. நான் சாகாவை வைத்துச் சொல்கிறேன்; டட்சன் 120ஒய், பழைய கரோலா, லான்சர் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

வேகமாகச் சுற்றினால் என்ன போச்சு?

இந்த மாதிரி கார்புரேட்டர் இஞ்சின்கள் சூடான பிறகு, எயர்கோன் அணைத்திருக்கும்போது, பொதுவாக நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றுக்குள் அமைதியாக நிற்க வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும். சில வண்டிகளில் பானெட்டுக்கு அடியில் ஒட்டிய தாளிலும் இருக்கும். அது 1,300, 1,500 என்று நிற்கிறது என்றால் எண்ணெய் வீணாவது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், நீங்கள் பிரேக்கை மிதிக்கும்போது இஞ்சின் முன்னால் தள்ளுகிறது. ஆட்டோ கியர் வண்டியில் 'டி'யில் போட்டவுடன் ஒரு பாய்ச்சல் பாயும். குறுகலான தாமான் வீட்டு வாசலில், பிள்ளைகள் விளையாடும் இடத்தில், அந்தப் பாய்ச்சல் விளையாட்டு இல்லை.

இந்தக் கோளாறோடு பட்டறைக்குப் போனால் நிறைய இடங்களில் நடப்பது ஒன்றே ஒன்று. ஃபோர்மன் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார், ஐட்லிங் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்புவார், சத்தம் அடங்கும், நீங்களும் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வருவீர்கள். இரண்டு வாரத்தில் பழையபடி ஆரம்பிக்கும், அல்லது விளக்குக்கு விளக்கு இஞ்சின் அணையும். காரணம் எளிது. அந்த ஸ்க்ரூ தானாகத் திரும்பியிருக்காது. வேறு எங்கோ ஒன்று மாறியதால் வேகம் மாறியது. காய்ச்சல் வந்தவருக்குத் தெர்மாமீட்டரைக் குளிர்ந்த நீரில் முக்கிக் காட்டுவது போன்ற வைத்தியம் இது. ஸ்க்ரூவைத் தொடுவது கடைசி வேலை. அதற்கு முன் பார்க்க வேண்டியவை வரிசையாக இருக்கின்றன.

முதலில் காதைக் கொடுங்கள்

எப்போது கோளாறு வருகிறது என்று மூன்று நாள் கவனித்து எழுதி வையுங்கள். காலையில் மட்டுமா? சூடான பிறகா? எயர்கோன் போட்டால் மட்டுமா? பிரேக் மிதிக்கும்போதா? இந்தக் குறிப்பு பாதி வேலையை முடித்துவிடும்.

காலையில் கொஞ்ச நேரம் வேகமாகச் சுற்றிப் பிறகு இறங்கினால் அது நோயே இல்லை. சோக் தன் வேலையைச் செய்கிறது. நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டி, ஓய்விடத்தில் பத்து நிமிடம் நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் உதறி, ஒரு நிமிடத்தில் சரியாகிவிட்டால், இஞ்சின் சூட்டில் கார்புரேட்டருக்குள் இருக்கும் எண்ணெய் கொதித்திருக்கும். நம் ஊர் வெயிலில் இது சகஜம். இந்த இரண்டுக்கும் வெளியே எது இருந்தாலும் தேட வேண்டும்.

தேடும் முன் பாதுகாப்பு. காரைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய கராஜில் இஞ்சினை ஓடவிடாதீர்கள், புகையில் உள்ள விஷவாயு மணமில்லாமல் ஆளைச் சாய்க்கும். ஹேண்ட் பிரேக், நியூட்ரல், சக்கரத்துக்கு ஒரு கட்டை. தொங்கும் சங்கிலி, துண்டு, நீளக் கை சட்டை எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக்கூடாது.

கயிறு, சோக், எயர்கோன்

இஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, அணைத்து, பானெட்டைத் திறங்கள். எண்ணெய் மிதியிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் கேபிளைப் பாருங்கள். அதில் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். விறைப்பாக இழுத்துக்கொண்டிருந்தால், நீங்கள் காலை எடுத்தாலும் அது விட்டுக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். கையால் திராட்டலைத் திறந்து விடுங்கள். 'டக்' என்று முழுதாக மூட வேண்டும். மெதுவாக வந்து நின்றால் கேபிளுக்குள் துரு, அல்லது திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது, அல்லது திராட்டல் தண்டில் அழுக்கு. தரைவிரிப்பு மிதிக்கு அடியில் சுருண்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், அதுவும் நடக்கிறது.

அடுத்து சோக். கையால் இழுக்கும் சோக் என்றால், குமிழை முழுதாக உள்ளே தள்ளியபின் கார்புரேட்டர் வாயில் இருக்கும் தகடு நேராக நிற்கிறதா என்று பார்த்தால் போதும். தானியங்கி சோக் பல வண்டிகளில் இஞ்சினின் சுடுநீரால் வேலை செய்யும். நீர் சூடாக ஆக, உள்ளே இருக்கும் மெழுகு விரிந்து சோக்கைத் திறந்து, வேக ஐட்லிங்கை விடுவிக்கும். இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. 'இந்த வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?' என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது இல்லாத இஞ்சின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் பிடிக்கும். மழை நாளில் குறுகிய தூரம் மட்டும் ஓடினால் வராமலேகூடப் போகலாம். சோக்குக்கு அது இன்னும் விடியற்காலைதான். வேகம் இறங்காது. ரேடியேட்டர் நீர் குறைந்திருந்தாலும் இதே விளைவு.

மூன்றாவது, எயர்கோன். கம்ப்ரஸர் இழுக்கும் சுமையைச் சமாளிக்க, அதைப் போட்டவுடன் திராட்டலைக் கொஞ்சம் தள்ளித் திறக்கும் ஒரு சிறு டயாஃப்ரம் உண்டு. எயர்கோனை அணைத்தபின் அதன் கம்பி பின்னால் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் அது சிக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது அதைக் கட்டுப்படுத்தும் வால்வு மூடவில்லை. மாறாக, எயர்கோன் போட்டால் இஞ்சின் செத்துப்போகிறது என்றால் அந்த டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் மொத்த ஐட்லிங்கையும் ஏற்றிவிடுவது பல பட்டறைகளின் குறுக்கு வழி. உங்கள் வண்டி எயர்கோன் இல்லாமலும் உறுமுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

திருட்டுக் காற்று

இவை மூன்றும் சரியாக இருந்தால், அடுத்த சந்தேகம் ரப்பர் குழாய்கள் மேல். இஞ்சின் ஒரு பெரிய உறிஞ்சு பம்ப். கால் எடுத்ததும் திராட்டல் தகடு ஏறத்தாழ மூடிவிடும். அதற்குக் கீழே வலுவான வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடத்தைப் பயன்படுத்தப் பல குழாய்கள் அங்கே போய்ச் சேர்கின்றன. பிரேக் பூஸ்டர், டிஸ்ட்ரிபியூட்டர், எயர்கோன் டயாஃப்ரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. முப்பது வருடச் சூட்டில் ரப்பர் காய்ந்து வெடிக்கும். வெடிப்பு வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். கொஞ்சமாகப் போனால் வேகம் ஏறும். அதிகமாகப் போனால் எண்ணெய்க் கலவை நீர்த்து, இஞ்சின் உதறும், அணையும்.

கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு முழ ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் குழாய்கள், கார்புரேட்டரின் அடிப்பாகம், மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஓரமாக நகர்த்துங்கள். கசியும் இடத்தில் 'ஸ்ஸ்' என்று பாம்புபோல் சீறும். அடுத்து, துணி சுற்றிய பிளையரால் ஒவ்வொரு வேக்கம் ஹோஸையும் மேனிஃபோல்டுக்கு மிக அருகில் மெதுவாக நசுக்குங்கள். எதை நசுக்கும்போது வேகம் இறங்கி நிதானமாகிறதோ, அந்தப் பாதையில்தான் திருடன். நசுக்க முடியாத அளவு ஒரு ஹோஸ் கல்லாகியிருந்தால் சோதனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கேஸ்கெட், திராட்டல் தண்டு போன்ற இடங்களுக்குத் தண்ணீர்த் தெளிப்பான் போதும். துளித்துளியாகத் தெளித்தால், நீர் ஓட்டையை ஒரு கணம் அடைக்கும்போது சத்தம் மாறும். டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் வயர் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில பட்டறைகளில் இதற்குக் கார்ப் கிளீனர் அடிப்பார்கள். அது பற்றிக்கொள்ளும் திரவம். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் வீட்டில் அந்த வேலை வேண்டாம்.

பேராக்கிலிருந்து ஒரு பெரியவர் நிகழ்ச்சி முடிந்த பிறகு அழைத்தார். "தம்பி, பாட்டு ஒண்ணும் வேணாம். என் காடி நிக்கும்போது கத்துது. அதுக்கு வழி சொல்லு" என்றார். 1988 சாகா. தோட்டத்தில் வேலை பார்த்தபோது வாங்கியது. வாரம் மூன்று முறை மனைவியை டயாலிசிஸ் மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது அதில்தான். ஒரு பட்டறையில் கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்றார்களாம். இன்னொன்றில், காயலான் கடைக்குத் தள்ளிவிடச் சொன்னார்களாம். பிரேக் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கொஞ்ச நாளா கெட்டியாத்தான் இருக்கு. எனக்குத்தான் கால்ல வலு இல்லையோன்னு நெனச்சேன்" என்றார்.

உறுமலும் கெட்டியான பிரேக்கும் சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது பிரேக் பூஸ்டர் ஹோஸ். பக்கத்து வீட்டுப் பையனை வைத்து அதை மேனிஃபோல்டுக்கு அருகில் நசுக்கச் சொன்னேன். தொலைபேசியிலேயே கேட்டது: உறுமல் அப்படியே இறங்கியது. ஹோஸின் மறுமுனையில், கிளிப்புக்கு அடியில், வெளியே தெரியாமல் வெடித்திருந்தது. அதை மாற்றியதும் பிரேக்கும் இளகியது, ஐட்லிங்கும் அடங்கியது. கார்புரேட்டர் இன்னும் பழையதேதான்.

இந்த விஷயத்தை நான் வாரப் பத்தியில் எழுதுவதற்குக் காரணமே இதுதான். ஸ்க்ரூவைத் திருப்பிச் சத்தத்தை மட்டும் அடக்கியிருந்தால், பிரேக் உதவி குறைந்துகொண்டிருப்பதை அந்த வண்டி சொல்ல முயன்ற வாயையும் அடைத்திருப்போம்.

இந்தச் சோதனையை நீங்கள் இன்றே செய்யலாம். இஞ்சினை அணைத்துவிட்டு பிரேக்கை ஐந்தாறு முறை மிதியுங்கள்; மிதி கெட்டியாகும். காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வெற்றிடம் போய்ச் சேரவில்லை, அல்லது பூஸ்டரே பழுது. பிரேக் மிதிக்கும்போது காலடியில் சீறல் கேட்டு, ஐட்லிங்கும் மாறினால் பூஸ்டரின் உள் டயாஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டில் எது இருந்தாலும் அந்த வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.

பி.சி.வி. வால்வையும் மறக்க வேண்டாம். இஞ்சினின் உள்ளே தேங்கும் ஆவியை உறிஞ்சி மேனிஃபோல்டுக்கு அனுப்பும் சிறு வால்வு. கழற்றிக் குலுக்கினால் கிலுகிலுப்பைபோல் 'கடகட' என்று ஆட வேண்டும். ஆடாவிட்டால் சிக்கியிருக்கிறது. திறந்தபடி சிக்கினால் அதுவும் திருட்டுக் காற்றுதான்.

ஒரு வேண்டுகோள். ஹோஸ் மாற்றும்போது மீன்தொட்டிக் குழாயைச் செருகாதீர்கள். இஞ்சின் சூட்டில் அது இளகி ஒட்டிக்கொள்ளும். சூடு தாங்கும் வேக்கம் ஹோஸ் உதிரிப்பாகக் கடையில் நீளத்துக்கு வெட்டிக் கொடுப்பார்கள். பெரிய செலவில்லை. பிரேக் பூஸ்டருக்கு மட்டும் அதற்கென்றே உள்ள தடித்த ஹோஸ் வேண்டும்.

பொறியும் நேரமும்

காற்றுக் கசிவு இல்லை என்று உறுதியானால் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகலாம். 'பிக்கப்' வேண்டும் என்று யாராவது அதைத் திருப்பி டைமிங்கை முன்னால் தள்ளியிருந்தால் ஐட்லிங் ஏறும். டைமிங் லைட் வைத்துத்தான் இதைப் பார்க்க வேண்டும், காது போதாது. அதன் வேக்கம் ஹோஸ் தவறான குழாயில் செருகப்பட்டிருந்தாலும், நிற்கும்போதே டைமிங் முன்னேறி வேகம் கூடும். கார்புரேட்டரைக் கழுவி மாட்டியபின் உறுமல் ஆரம்பித்தது என்றால் ஹோஸ்கள் இடம் மாறிவிட்டனவா என்று முதலில் பாருங்கள். இனிமேல் எதையும் கழற்றும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

மிதித்து விட்டபின் வேகம் உடனே இறங்காமல் மேலே தொங்கி, மெல்ல இறங்குகிறதா? திராட்டல் சரியாக மூடினால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் துருப்பிடித்திருக்கலாம். டட்சன் 120ஒய் போன்ற பாயிண்ட் வைத்த வண்டிகளில் பாயிண்ட் இடைவெளி குறைந்தால் உதறல் வரும். தேய்ந்த பிளக், வெடித்த வயர் இரண்டும் ஒரே சீராக ஒரு சிலிண்டரைத் தவறவிடும். எக்ஸாஸ்ட் வாயருகே கேட்டால் தாளம் தப்புவது தெரியும்.

கடைசியில் ஸ்க்ரூ

இப்போதுதான் கார்புரேட்டர். சாவியைத் திருப்பியதும் 'டிக்' என்று ஒரு சிறு ஒலி வருகிறதா? நின்றிருக்கும்போது எண்ணெய் போகும் வழியைத் திறக்கும் சொலினாய்ட் அது. வயர் கழன்றிருந்தாலோ, பழுதாகியிருந்தாலோ, மிதித்தால் ஓடும், விட்டால் அணையும். அதற்காகத்தான் பலர் ஐட்லிங்கை அளவுக்கு மேல் ஏற்றி வைத்திருப்பார்கள்.

கலவை ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினாலும் இஞ்சினில் மாற்றமே இல்லையா? ஐட்லிங் ஜெட் அடைத்திருக்கும். அல்லது வேக ஸ்க்ரூவை அதிகம் ஏற்றியதால் திராட்டல் அகலத் திறந்து, எண்ணெய் வேறு துளை வழியாக வந்துகொண்டிருக்கும். ஜெட்டைக் கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதானால் கணக்கே மாறிவிடும். கலவை ஸ்க்ரூவையும் இறுக்கி முடுக்காதீர்கள். அதன் கூர்முனையில் வடு விழுந்தால் பிறகு எந்தச் சரிசெய்தலும் நிலைக்காது.

எல்லாம் சரியான பிறகு, சூடான இஞ்சினில், எயர்கோனும் விளக்கும் அணைத்து, வேக ஸ்க்ரூவால் கையேட்டில் உள்ள எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கலவை ஸ்க்ரூவை மெல்லத் திருப்பி இஞ்சின் அதிக வேகமும் நிதானமும் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். மறுபடி வேக ஸ்க்ரூ. இரண்டு மூன்று தடவை மாறி மாறிச் செய்தால் அமர்ந்துவிடும்.

ஒரு வேக்கம் கேஜ் வாங்கி வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் உதவும். கிள்ளான், மலாக்கா போன்ற தாழ்ந்த ஊர்களில், ஆரோக்கியமான இஞ்சினுக்கு முள் 17 முதல் 21 அங்குலத்துக்குள் ஆடாமல் நிற்கும். கேமரன் மலை ஏறினால் 1,000 அடிக்குச் சுமார் ஓர் அங்குலம் குறையும், பயப்பட வேண்டாம். முள் ஆடாமல் குறைவாக நின்றால் காற்றுக் கசிவு அல்லது தாமதமான டைமிங். மெல்ல மேலும் கீழும் அலைந்தால் கலவை. ஒரே தாளத்தில் துடித்துத் துடித்து விழுந்தால் வால்வு சரியாக மூடவில்லை. வால்வு இடைவெளியையும் கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் நல்ல ஃபோர்மனிடம் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

அப்படி ஒரு ஃபோர்மன் உங்கள் பகுதியில் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். கார்புரேட்டர் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். கணினியைச் செருகிக் குறை படிக்கப் பழகிய இளைஞர்களுக்கு இந்த வேலை வருவதில்லை. அவரிடம் போகும்போது 'ஐட்லிங் குறைச்சு விடுங்கண்ணே' என்று கேட்காதீர்கள். 'சூடான பிறகும் 1,400ல நிக்குது, எயர்கோன் போடல, சோக் முழுசாத் திறந்திருக்கு, ஹோஸ் எல்லாம் நசுக்கிப் பார்த்துட்டேன்' என்று சொல்லுங்கள். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு உங்களைப் பார்ப்பார். வேலை அங்கிருந்து தொடங்கும்.

இந்த ஞாயிறு வேறு எதையும் கழற்ற வேண்டாம். அந்தப் பிரேக் சோதனையை மட்டும் செய்துவிடுங்கள். அப்பா வீட்டில் ஒரு பழைய வண்டி நின்றால் அதற்கும் சேர்த்துச் செய்யுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.